வெள்ளிக்கிழமை மீன்

சாலம்மாளுக்குக் கல்யாணமான மறு வருஷமே புருஷன் காலராவில் போனான். வெறுங்கழுத்தோடு தாய் வீட்டுக்கு அவள் திரும்பிய சில மாதத்தில் அதே காலரா தாயையும் தகப்பனையும் கொண்டுபோனது. மிஞ்சியவன் தம்பி சவுரியப்பன் ஒருவன்தான். அவனுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. மறுமணம் பேசிக்கொண்டு யாராவது வந்தால், "இவன யாரு பாப்பாங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். கொஞ்ச காலத்தில் வருவதும் நின்றுபோனது.

தொப்பூர்க் கணவாய் ஏறி முடிகிற இடத்தில், ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, மாதா கோயிலை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. சவுரியப்பன் வளர்ந்து, சேலத்துக்கும் தர்மபுரிக்கும் ஓடுகிற பஸ்ஸில் கிளீனர் ஆனான். ஒரு மழைக்காலத்தில் கணவாயில் வண்டிச் சக்கரம் ஏறி ஓட்டின் ஓரம் உடைந்துகிடந்த ஆமை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். கிணற்றில் விடுவார்களே, அந்தக் கருப்பு ஆமை.

"நா வண்டியோட போயிட்டா நீ ஒத்தையாக் கெடக்கிற. இது ஒனக்குத் தொணயா இருக்கும், அக்கா," என்றான்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமை பூந்த வூடு வெளங்குமா சாலம்மா?" என்று கேட்டாள்.

"வெளங்காம போறதுக்கு இங்க இன்னும் என்ன மிச்சம் இருக்குது," என்றாள் சாலம்மாள்.

கொல்லையில் பழைய கல்தொட்டி ஒன்று இருந்தது. மாடு இருந்த காலத்தில் தண்ணீர் காட்டியது. அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஏறி வெயில் காய ஒரு தட்டைக்கல் போட்டு ஆமையை விட்டாள். உடைந்த ஓரத்தில் மஞ்சள் பற்றுப் போட்டாள். ஓடு கோணலாக ஆறியது. பசலை, பொன்னாங்கண்ணி, பரங்கிப்பூ, உதிர்ந்த கொய்யா என்று எது போட்டாலும் தின்றது. மீன் மட்டும் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், கறி ஆகாது, மீன் ஆகும். கறிக்கே வழியில்லாத அந்தத் தெருவில் அது மீன் தின்ன ஒரு சாக்கு. அன்றைக்குக் கழுவும் மீனில் விரல் நீளத் துண்டொன்றை ஆமைக்கு வைப்பாள். ஒரு பாஸ்கா பண்டிகைச் சமயத்தில் ஆசையாகத் தின்கிறதே என்று நிறைய வைத்துவிட்டாள். தொட்டி நாறியது. ஆமை அடுத்து வந்த நாட்களில் இலை தழையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முதல் அவளே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

சாலம்மாள் தொட்டியருகே வந்து "பா... பா..." என்றால் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். வேறு யார் வந்தாலும் அடியில் போய்க் கிடக்கும். சவுரியப்பனுக்குக்கூட வராது. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

தம்பிக்குப் பெண் பார்த்ததும் அவள்தான். ஏரியூருக்கு அப்பால் காவிரிக்கரையில் ஒரு குடும்பம். மேட்டூர் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது ஊர் மூழ்கி மேட்டுக்குக் குடிவந்தவர்கள். தகப்பன் பரிசலில் போய் மீன் பிடிக்கிறவர். பெண் பேர் குள்ளம்மாள். பேர்தான் அப்படி, ஆள் சாலம்மாளைவிட ஒரு சாண் உயரம். கண்ணைப் பார்த்துப் பேசினாள். "இவ போதும்," என்று சாலம்மாள் முடிவு செய்தாள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசி கண்ணில் படவில்லை. ராகிக்களியும் அவரைக் குழம்பும் போட்டுக் கல்யாணம் முடிந்தது.

குள்ளம்மாள் வந்து கொஞ்ச நாளில் வீட்டின் வாசனை மாறியது. அவள் வைக்கும் மீன் குழம்பு வேறு தினுசு. புளியைச் சுட்டுக் கரைப்பாள், மிளகாயைப் பச்சையாகக் கீறிப் போடுவாள். சவுரியப்பன் களி உருண்டையைப் பிட்டுக் குழம்பில் புரட்டி, தலை நிமிராமல் தின்பான். "இன்னுங் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினால் பெண்சாதி பக்கம்தான் நீட்டுவான். முன்பெல்லாம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். இப்போது வாசலில் வந்து ஒரு முறை செருமுவான். அந்தச் செருமல் தனக்கு இல்லை என்பது சாலம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்திருப்பாள். அதற்குள் குள்ளம்மாள் வாசலுக்குப் போயிருப்பாள்.

இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்? நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சோம்பேறியாகவோ வாயாடியாகவோ இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்று கிடைத்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை குள்ளம்மாள் கொல்லையில் உட்கார்ந்து கெளுத்தி மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். சாலம்மாள் விறகுக் கட்டோடு பின்வழியாக வந்தாள். ஆமை தட்டைக்கல்லில் ஏறி நின்றுகொண்டிருந்தது. குள்ளம்மாள் ஒரு துண்டை நீட்டினாள். அது கழுத்தை நீட்டி, அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து வாங்கிக்கொண்டது.

சாலம்மாள் அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து அது ஒருநாளும் வாங்கியதில்லை. கல்மேல் வைத்துவிட்டு அவள் இரண்டடி விலகினால்தான் வாயை வைக்கும்.

"இன்னிக்கு செவ்வாக்கெழம," என்றாள்.

"ஆமாங்க அண்ணி."

"அதுக்கு மீனு வெள்ளிக்கெழமதான்."

"கேக்குதேன்னு போட்டன்ங்க."

"அது கேக்காது. இத்தன வருசமா எதையும் கேட்டதில்ல."

குள்ளம்மாள் கையைக் கழுவிக்கொண்டு, "இனிமே போடலைங்க," என்றாள். சொன்னபடியே பிறகு போடவும் இல்லை. ஆனால் அவள் கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டாலே ஆமை அந்தப் பக்கத்து விளிம்புக்கு வந்து முட்டியது. சாலம்மாள் "பா... பா..." என்றால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முட்டியது. சவுரியப்பன் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"பாரக்கா, ஆமைக்கும் ஆத்தங்கரக்காரியத்தான் புடிச்சிருக்குது."

விளையாட்டாகச் சொன்னதுதான். சாலம்மாளும் சிரித்துவைத்தாள். ஆமைக்கும் என்கிறான், அப்படியானால் இன்னும் யார் யாருக்கு என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் குள்ளம்மாள் குடத்தோடு பள்ளத்துக் கிணற்றுக்குப் போனதும், சாலம்மாள் அடுப்புக்கு மேலே உறியிலிருந்த பானையைத் திறந்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து வந்த கருவாடு. ஒரு துண்டை எடுத்து நீரில் அலசித் தொட்டிக்குப் போனாள். ஆமை வந்தது. கல்லில் வைத்தாள். தின்றது. இன்னொன்று கொண்டுவந்தாள். அதையும் தின்றது. அதற்கு மறுநாளும் வைத்தாள். ஏரிமீன் கூடைக்காரி தெருவுக்கு வந்தால் ராகி கொடுத்துப் பொடிமீன் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி ஆமைக்கென்று ஒளித்துவைத்தாள். காலையில் ஒரு பிடி, குள்ளம்மாள் மத்தியானம் துணி துவைக்கப் போனால் இன்னொரு பிடி. சில நாளில் ஆமை அவள் காலடிச் சத்தத்துக்கே ஓடிவந்தது. ஒரு காலை, பயந்துகொண்டே கையை நீட்டினாள். அவள் விரலிலிருந்தும் அது மீனை வாங்கிக்கொண்டது.

அன்று முழுவதும் அவள் முகம் தெளிந்திருந்தது. சவுரியப்பன் வந்ததும் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "அட, உங்கிட்ட வந்திருச்சா," என்று அவன் சொன்னபோது குள்ளம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதே சாலம்மாளுக்கு அந்த மீனைவிட ருசியாக இருந்தது.

தொட்டித் தண்ணீர் சீக்கிரமே கலங்கி நாற ஆரம்பித்தது. பசலைக் கொத்துகள் தின்னப்படாமல் மிதந்து அழுகின. குள்ளம்மாள் ஒருநாள் தண்ணீரை மாற்றும்போது சொன்னாள்.

"அண்ணி, அடியில மீன்செதிலு கெடக்குது."

"கெடந்தாக் கெடக்கட்டும்."

"தெனம் போடாதீங்க அண்ணி. நீங்கதான சொன்னீங்க, வெள்ளிக்கெழமதான்னு. அது எலையவே தொடமாட்டேங்குது. கருவாட்டுல உப்பு வேற."

"நீ எனக்குச் சொல்லித்தராத. நீ இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாலருந்து அது இங்க இருக்குது."

குள்ளம்மாள் சொன்னது நிஜம் என்று சாலம்மாளுக்குத் தெரியும். அது அவளுடைய சொந்த விதி. சின்னம்மாள் சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பாள். இவள் சொல்லி நிறுத்துவதா என்று அடுத்த நாள் இன்னொரு துண்டு கூடப் போட்டாள்.

புரட்டாசி மழை பிடித்தது. ஆமை கல்லில் ஏறுவதை விட்டது. ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. மீனை மூக்குக்கு முன்னால் வைத்தாலும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏதோ பழுது என்று சவுரியப்பன் ஒருநாள் பகலில் வீட்டில் இருந்தான். கொல்லைக்குப் போனவன் ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கிடந்தன. கால் மடிப்புகள் உப்பியிருந்தன. ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் அமுங்கியது.

"தொட்டி பூரா மீனு முள்ளா இருக்குது. யாரு இத்தன போட்டது?"

சாலம்மாள் ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இந்த வூட்டுக்கு மீனு யாரு வூட்டுலருந்து வருது?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பொய் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. சவுரியப்பன் பெண்சாதி பக்கம் திரும்பினான். குள்ளம்மாள் அவனைப் பார்க்கவில்லை. சாலம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாலம்மாள் குனிந்து மறுபடியும் திருகையைச் சுற்றினாள்.

"வாயில்லாத சீவன். அக்கா எத்தன வருசமா வச்சிருந்தா. நீ வந்து ஒரு மழகூட முடியல."

"நா போடலைங்க."

"அப்ப அக்காவா போட்டா?"

குள்ளம்மாள் மறுநாள் காலையில் மாற்றுச் சேலை ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு, "அப்பாவப் பாத்துட்டு வரன்," என்று கிளம்பினாள். சவுரியப்பன் தடுக்கவில்லை. அந்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

சாலம்மாளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தம்பிக்குச் சின்ன வயதில் பிடித்த மொச்சைக் குழம்பை வைத்தாள். அவன் அவள் முன்னால் உட்கார்ந்து தின்றான். தட்டை அவள் பக்கம்தான் நீட்டினான். "நல்லாயிருக்குது" என்றான். பிறகு பேச ஒன்றுமில்லாமல் கையைக் கழுவப் போனான். சில நாளில் சேலத்திலேயே தங்க ஆரம்பித்தான். வண்டியில் வேலை இருக்கிறது என்றான். கொல்லையில் சாலம்மாள் தண்ணீரை மாற்றினாள், ஆமையை இளவெயிலில் வைத்தாள், பரங்கிக்காயை வேகவைத்து மசித்து வாயோரம் தடவினாள். கண் தெரியாத அது எதையும் தொடவில்லை. ஆனால் அவள் குரல் கேட்டால் மட்டும் தலை சற்றே அசைந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வந்திருந்தார். சாலம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. சாமியாரிடம் சொல்லிவிடலாம். அவர் ஜெபம் சொல்லச் சொல்லி மன்னித்துவிடுவார். அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே. வரிசையை விட்டு விலகி ரோட்டுக்கு நடந்தாள்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் எல்லாம் அடுப்புக்கரியில் ஓடிய காலம் அது. பின்னால் கொதிகலன் மாதிரி ஒன்றைப் பொருத்தி, கரியைக் கொட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுழற்றித் தீ மூட்டுவான். கணவாய் ஏற்றத்தில் சனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். மேலே வந்ததும் வண்டி இளைப்பாறும். அன்றும் அப்படித்தான் நின்றது. சவுரியப்பன் முகமெல்லாம் கரியோடு சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான். சனங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, ஆமைக்கு மீனு போட்டது நாந்தான்," என்றாள் சாலம்மாள்.

அவன் நிமிர்ந்தான். கம்பி கையிலேயே இருந்தது.

"தெனம் போட்டன். அவ வேண்டாம்னு சொன்னா. அப்பறமும் போட்டன்."

"ஏங்க்கா?"

"அது அவகிட்டப் போயிருச்சு."

"ஆமையா?"

"ஆமையும்," என்றாள்.

அவன் கம்பியை உள்ளே விட்டுக் கிளறினான். சாம்பல் கொட்டியது. டிரைவர் முன்னாலிருந்து கூப்பிட்டார். கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"நா போயி என்னான்னு சொல்லிக் கூப்புடுவன்?"

"நீ போவ வேண்டாம். நா போறன்."

மறுநாள் காலையில் ஆமையைக் கூடையில் வைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தர்மபுரி வரை பஸ்ஸிலும் பென்னாகரத்துக்கு இன்னொன்றிலும் போய், அங்கிருந்து ஏரியூர்ப் பக்கம் போகிற மாட்டு வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு, கடைசித் தூரத்தை நடந்தாள். காவிரி அங்கே ஆறாகத் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். நடுவில் பட்டுப்போன மரங்களின் கொம்புகள். கரையில் குள்ளம்மாள் மீனைப் பிளந்து மணலில் பரப்பிக்கொண்டிருந்தாள். சாலம்மாளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

சாலம்மாள் கூடையை இறக்கிச் சாக்கை விலக்கினாள். குள்ளம்மாள் ஆமையைப் பார்த்தாள். பேசாமல் எழுந்துபோய் வெதுவெதுப்பான நீரும் துணியும் கொண்டுவந்தாள். மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கண்களை மெல்ல ஒற்றி எடுத்தாள். இமையோரத்தில் அப்பியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"பரங்கிக்கா மசிச்சு வச்சுப் பாத்தீங்களா?"

"வச்சன். திங்கல."

"கண்ணு தெறந்தாத் திங்கும்."

சாலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உம்மேல பழிய வுட்டுட்டன். அவங்கிட்டச் சொல்லிட்டன், நாந்தான்னு."

"ஒரு ஆமைக்காவா அண்ணி?"

"ஆமைக்கு மட்டும் இல்ல."

"தெரியும்." குள்ளம்மாள் துணியைப் பிழிந்தாள். "எனக்கும் ஒண்ணு சொல்லோணும். அன்னிக்குச் செவ்வாக்கெழம. நீங்க வெள்ளிக்கெழமதான் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாளே அவரு சொல்லிட்டாரு. அக்கா இப்புடி வச்சிருக்கறா, அக்கா அப்புடிப் பாத்துக்கறான்னு ஆமையப் பத்தி மட்டுந்தான் பேசினாரு. அந்தக் கொரல்ல அவரு எங்கிட்ட ஒருநாளும் பேசினதில்ல. தெரிஞ்சுதான் போட்டன்."

சாலம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வந்த வேகத்தில் அது எங்கோ இறங்கிப்போனது. இந்த உயரமான பெண்ணுக்குள்ளும் அதே நெருப்பு எரிந்திருக்கிறது, தன்னைப் பார்த்து. தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்தி இருந்தாள் என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. கொஞ்சம் இனித்தது என்றுகூடச் சொல்லலாம்.

"வூட்டுக்கு வா," என்றாள்.

"வரன். ஆனா எனக்குத் தனி அடுப்பு வேணும்."

சாலம்மாள் தண்ணீரைப் பார்த்தாள். தனி அடுப்பு என்றால் தம்பி அந்த அடுப்பில்தான் தின்பான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் உடனே சரி என்றிருப்பாள். வெயில் மணலிலிருந்து மீன் வரிசைக்கு ஏறுகிற வரை பிளந்த மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். குள்ளம்மாள் அவசரப்படுத்தவில்லை.

"தெக்கு மூலையில போட்டுக்கோ. அங்கதான் பொகை வெளிய போவும்," என்றாள் கடைசியில்.

ஆமைக்கு ஒரு கண் அங்கேயே திறந்தது. இன்னொன்று திறக்கத் தை மாதம் ஆனது. அதில் பூ விழுந்தது போலச் சிறு வெண்மை தங்கிவிட்டது. முதலில் பரங்கிப்பூவைத் தின்றது, பிறகு பசலையை. ஓடு மெல்ல இறுகியது.

தெற்கு மூலையில் அடுப்பு எரிந்தது. சவுரியப்பன் அங்கேதான் தின்றான். சில நாளில் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா பக்கம் வந்து, "ஒங் கொழம்பு கொஞ்சம் ஊத்து," என்பான். அவன் எந்த அடுப்பில் அதிகம் தின்றான் என்பது இரண்டு பெண்களுக்கும் தெரிந்திருந்தது. இருவரும் அதைப் பேசியதில்லை. ஆமைக்கு மீன் மறுபடியும் வெள்ளிக்கிழமைக்குப் போனது. விரல் நீளத் துண்டு, அதற்கு மேல் இல்லை. ஒரு வாரம் சாலம்மாள், மறுவாரம் குள்ளம்மாள் என்று தானாக முறை அமைந்தது. தன் முறை இல்லாத வெள்ளிக்கிழமையில் சாலம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கரட்டு மேட்டுக்கு விறகு வெட்டப் போய்விடுவாள். சாலம்மாள் முறை வரும்போது குள்ளம்மாளுக்கும் கிணற்றடியில் ஏதாவது ஒரு வேலை இருக்கும்.